கம்பி கட்டிய பல்லின் வலி: வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினாலே பெங்களூரின் பல் சீரமைப்பு மருத்துவமனைகளில் கூட்டம் கூடிவிடும். பள்ளி இல்லாத நாட்களில் கம்பி கட்டினால் பள்ளி திறப்பதற்குள் பிள்ளை பழகிவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கையில் கொடுக்கப்படும் விளக்கத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், இல்லையென்றால் கன்னடத்தில் இருக்கும். அன்றிரவு பிள்ளை வலியில் அழும்போது பக்கத்தில் இருப்பவர், ஹலசூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் பல வீடுகளில், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மாவோ பாட்டியோதான். அவர்கள் கையில் தங்கள் நாளிதழ் இருக்கும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த வலி எப்போது வரும், எப்போது உச்சத்துக்குப் போகும், எப்போது அடங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். அதனால் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. பயந்துபோய் "கம்பியைக் கழற்றிவிடுங்கள் டாக்டர்" என்று மறுநாள் காலையில் ஓடிவரவும் வேண்டியதில்லை. நேரம் பார்த்துத் தயாராக இருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் முதல் மூன்று நாளைத் தூக்கம் கெடாமல் கடந்துவிடலாம்.

கம்பி கட்டும்போது வலிக்காது, ஊசியும் தேவையில்லை. பல்லின் மேற்பரப்பைத் துடைத்து, புளிப்பான ஒரு ஜெல்லைத் தடவி, கழுவி, கிளிப்பை ஒட்டி, வயரைக் கோப்பார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரும். வலி தொடங்குவது மூன்று, நான்கு மணி நேரம் கழித்து. மாலை ஐந்து மணிக்குக் கட்டினால் இரவு படுக்கப் போகும் நேரத்தில் ஆரம்பிக்கும். சுமார் 24 மணி நேரத்தில், அதாவது மறுநாள் மாலைவாக்கில், உச்சத்தில் இருக்கும். மூன்றாம் நாள் குறையத் தொடங்கி ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். கடைவாய்ப் பற்களைவிட முன்பற்கள் அதிகம் வலிப்பதும் வழக்கம், ஏனென்றால் அவற்றின் வேர் சிறியது. பிறகு நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வயர் மாற்றும்போதெல்லாம் இதே சுற்று திரும்ப வரும். ஆனால் அது ஒன்றிரண்டு நாளில் முடியும்.

ஏன் உடனே வலிக்காமல் தாமதமாக வலிக்கிறது? பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. வயர் பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் அந்தத் திசு நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கிய இடத்தில் சில மணி நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் முதலிய வேதிப்பொருள்கள் சேர்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களை அங்கே வரவழைப்பது இவைதான். அதே இடத்து நரம்பு நுனிகளைக் கூச வைப்பதும் இவைதான். ஒரு பக்கம் எலும்பு கரைய, மறுபக்கம் புது எலும்பு படிய, பல் மெல்ல இடம் மாறுகிறது.

இதைக் கேட்டதும் சில பெற்றோர், வலி அதிகமானால் பல் வேகமாக நகரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க, சீக்கிரம் முடியட்டும்" என்று கேட்பவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு. விசை அளவுக்கு மீறினால் நசுங்கிய பக்கத்தில் ரத்த ஓட்டம் அடியோடு நின்று அந்தத் திசு செத்துப்போகிறது. உடல் அதைச் சுத்தம் செய்யும்வரை பல் வாரக்கணக்கில் நகராமல் நிற்கும். வேர் நுனி கரையும் அபாயமும் கூடும். பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள்.

நேரக்கணக்கு தெரிந்துவிட்டால் நாளைத் தேர்ந்தெடுப்பது எளிது. வெள்ளி மாலை அல்லது சனிக்கிழமை காலை கட்டினால் உச்ச வலி விடுமுறையிலேயே கழிந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி. தேர்வு வாரத்தில் புது வயர் வேண்டாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சிகிச்சைக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கட்டப் போகும் முன் பிள்ளை வயிறாரச் சாப்பிட்டிருக்கட்டும். அடுத்த வேளை உணவு அரைகுறையாகத்தான் இறங்கும்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

வலி வந்து பிள்ளை அழ ஆரம்பித்த பிறகு கொடுக்கும் மாத்திரை வேலை செய்ய இன்னும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். முதல் வேளையைக் கம்பி கட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, கட்டி வீடு திரும்பிய உடனேயோ கொடுத்துவிட வேண்டும். முதல் வேளை கொடுத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தால் இரவு படுக்கும் முன் இரண்டாவது வேளை. மறுநாள் தேவைப்பட்டால் ஆறு மணி நேர இடைவெளியில் தொடரலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்றாம் நாள் மாத்திரையே தேவைப்படாது.

எந்த மாத்திரை? முதல் தேர்வு பாராசிட்டமால். குரோசின், டோலோ, கால்பால் எல்லாம் இதே மருந்துதான். பிள்ளைகளுக்கு அளவை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. 30 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளை 300 முதல் 450 மி.கி., 40 கிலோ பிள்ளைக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று. இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம், ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மி.கி., அதே இடைவெளி. 650 மி.கி. மாத்திரை எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பதற்காக 30 கிலோ பிள்ளைக்கு முழுசாகக் கொடுத்துவிடக் கூடாது. சிரப் என்றால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. போன முறை கொடுத்த அதே மூடி அளவை வேறு பாட்டிலிலிருந்து ஊற்றினால் இரட்டிப்பு மருந்து போய்விடும். சளி, ஜுரத்துக்கென்று வாங்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது, காம்பிஃப்ளாமிலும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிப்பு ஈரலுக்கு.

ஐபுப்ரொஃபேனும் வலியைக் குறைக்கும். ஆனால் அது வேலை செய்யும் விதமே புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பது. பல் நகர்வதற்கு வேண்டிய சமிக்ஞையும் அதுதான் என்று மேலே சொன்னேன். ஒன்றிரண்டு வேளை எடுத்தால் சிகிச்சை பாதிக்காது. மூட்டு வலிக்காகவோ வேறு காரணத்துக்காகவோ தினமும் இந்த வகை மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் மட்டும் கம்பி கட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு பிஸ்பாஸ்போனேட் மாத்திரை எடுப்பவர்களும் அப்படியே. ஆஸ்துமா, வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுப்ரொஃபேனைத் தாமாக எடுக்கக் கூடாது. மற்றவர்களும் வெறும் வயிற்றில் போடக் கூடாது.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் பெங்களூரில் டெங்கு பரவுவது ஆண்டுதோறும் நடப்பது. கம்பி கட்டிய வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதைக் கம்பியின் விளைவு என்று விட்டுவிடாதீர்கள். கம்பி கட்டுவதால் காய்ச்சல் வராது. டெங்குவா இல்லையா என்று தெரியும்வரை ஐபுப்ரொஃபேன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூன்றையும் தொடாதீர்கள். ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டுபவை அவை. பாராசிட்டமால் மட்டும், சரியான அளவில். காய்ச்சல் இல்லாதபோதும் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிமசுலைடு என்ற வலி மாத்திரை நம் நாட்டில் 2011 முதலே தடை செய்யப்பட்டது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும், அக்காவுக்கு வாங்கியது மிச்சம் இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

மாத்திரை இல்லாமலும் வலியைக் குறைக்கலாம். அதில் எளியது குளிர்ந்த தண்ணீர். முதலில் போடும் வயர் பெரும்பாலும் நிக்கல் டைட்டேனியம் கலந்த மெல்லிய வயர். வெப்பத்தால் விறைக்கும் வகையாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருக்கும் சில நொடிகளில் அது தளர்ந்துபோகும், விசை குறையும். சூடான காபி குடித்ததும் இறுக்கம் கூடியதுபோல் தோன்றுவதற்கும் இதுதான் காரணம். பயப்பட ஒன்றுமில்லை. ஐஸ் கட்டியை மட்டும் கடிக்கக் கூடாது, கிளிப் பெயர்ந்துவிடும்.

இன்னொன்றைச் சொன்னால் பலர் நம்புவதில்லை: மெல்லுவது வலியைக் குறைக்கும். கடித்துக் கடித்து விடும்போது நசுங்கிய திசுவுக்குள் ரத்தம் போய்வருகிறது, தேங்கியிருந்த வேதிப்பொருள்கள் கலைகின்றன. வலி உச்சத்துக்குப் போகும் முன், அதாவது கட்டிய முதல் சில மணி நேரத்திலேயே, சர்க்கரை இல்லாத சூயிங்கம்மைப் பத்து நிமிடம் மென்றால் பலன் தெரியும். மறுநாளும் வலிக்கும்போது மெல்லலாம். இதனால் கிளிப் உடைந்துவிடும் என்ற பயம் நம்மிடையே பரவலாக உண்டு. ஆய்வில் அப்படி உடைவது கூடவில்லை, வலி மாத்திரையின் தேவை குறைந்தது. சர்க்கரை உள்ள பபிள்கம் கூடாது. விழுங்கிவிடும் வயதுள்ள சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். உங்கள் மருத்துவர் வேண்டாமென்று சொல்லியிருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் ஒட்டிய கிளிப்பைப் பற்றி அவருக்குத்தான் தெரியும்.

இதே காரணத்தால் ஒரு வாரம் முழுக்கக் கஞ்சியும் ஜூஸுமாகக் கொடுப்பது தேவையில்லை. முதல் இரண்டு நாள் இட்லி, தயிர்சாதம், குழைய வேகவைத்த பொங்கல், செட் தோசையைச் சாம்பாரில் ஊறவைத்து, இப்படிக் கொடுங்கள். இந்த ஊர் ராகி முத்தே இதற்கென்றே செய்ததுபோல அமையும். அதை மெல்லாமல் சாற்றில் தோய்த்து விழுங்குவதுதான் முறை, வயிறும் நிறையும். பிசிபேளாபாத் நல்லது, மேலே தூவும் காராபூந்தி வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து சாதாரணச் சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கடைவாயில் மெல்லச் சொல்லுங்கள். கொய்யா, ஆப்பிள், கேரட் போன்றவற்றை முன்பல்லால் கடிக்கவே கூடாது, துண்டு போட்டுத்தான் சாப்பிட வேண்டும். முறுக்கு, நிப்பட்டு, கோடுபளே, கடலை மிட்டாய், கரும்பு ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை மறந்துவிட வேண்டும். பசவனகுடி கடலைக்காய் பரிஷைத் திருவிழாவுக்குப் போனால் வேகவைத்த கடலையைக் கையால் உரித்துக் கொடுங்கள், வறுத்தது வேண்டாம்.

கிளிப் பெயர்ந்தால் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறோம் என்றால், அதன் வலியும் சேர்ந்துகொள்வதால்தான். பெயர்ந்த கிளிப் வயரில் தொங்கிக்கொண்டு கன்னத்தைக் கிழிக்கும். அதைத் திரும்ப ஒட்டியதும், நின்றுபோன பல் புதிதாக நகரத் தொடங்கும், அதாவது முதல் நாள் வலி மறுபடியும் வரும்.

பல் வலி ஒரு வாரத்தில் அடங்கினாலும் கன்னத்திலும் உதட்டிலும் உரசும் புண் இரண்டு, மூன்று வாரம் தொல்லை தரும். பிள்ளைகள் உண்மையில் வெறுப்பது பல நேரம் இதைத்தான். இதற்கு மெழுகு தருவார்கள். பலர் "மெழுகு நிக்கவே மாட்டேங்குது" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஈரத்தில் ஒட்டாது, அதுதான் காரணம். கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, உரசும் கிளிப்பை டிஷ்யூ பேப்பராலோ பஞ்சாலோ நன்றாக ஒற்றி எடுங்கள். மெழுகில் அரைப் பட்டாணி அளவு கிள்ளி விரல்களுக்கு நடுவே உருட்டினால் சூட்டில் இளகும். அதைக் கிளிப்பின்மேல் வைத்து அழுத்தி, ஓரங்கள் வயருக்குக் கீழும் மேலும் படியும்படி தடவிவிடுங்கள். சாப்பிடும் முன்னும் பல் தேய்க்கும் முன்னும் எடுத்துவிட்டு, பிறகு புது மெழுகு வைக்க வேண்டும். தவறி விழுங்கினால் கெடுதல் இல்லை. முதல் இரண்டு வாரம் பள்ளிப் பையில் ஒரு சின்ன டப்பா இருக்கட்டும்.

புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, அரை நிமிடம் வாயில் வைத்துக் கொப்பளிப்பது, நாளுக்கு மூன்று நான்கு முறை. உப்பை அதிகம் போட்டால் எரிச்சல்தான் கூடும். மருந்துக்கடையில் வாய்ப்புண் ஜெல் என்று கேட்டால் கிடைப்பவற்றில் சிலவற்றில் கோலின் சாலிசிலேட் இருக்கும். அது ஆஸ்பிரினுக்கு உறவான மருந்து, பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டியது. டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கிராம்பு எண்ணெய் வேண்டவே வேண்டாம். சொத்தைப் பல்லின் குழிக்குள் பஞ்சில் தோய்த்து வைத்தால் உள்ளே இருக்கும் நரம்பு மரத்துப்போகும், அது உண்மை. இங்கே சொத்தையும் இல்லை, குழியும் இல்லை. வலி வேரைச் சுற்றி எலும்புக்குள் இருக்கிறது. எண்ணெய் அங்கே போய்ச் சேராது. ஈறிலும் உதட்டிலும் பட்டு வெந்து புண்ணாவதுதான் மிச்சம்.

வலிக்கிறதே என்று பல் தேய்ப்பதை நிறுத்தும் பிள்ளைகளைக் கவனியுங்கள். நான்கைந்து நாளில் கிளிப்பைச் சுற்றி அழுக்கு படிந்து ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம் வரும். அந்த வலியையும் கம்பியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மிக மென்மையான பிரஷை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் நார்கள் இன்னும் இளகும், முதல் மூன்று நாள் அப்படித் தேய்க்கட்டும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

கடைசிப் பல்லுக்குப் பின்னால் வயர் நீட்டிக்கொண்டு குத்துவதும் அடிக்கடி நடப்பது. பல் வரிசையாகும்போது வயர் நழுவிப் பின்பக்கம் நீளும். புதுப் பென்சிலின் ரப்பர் முனையைக் கழுவி, வயரை மெல்லப் பல்லோடு சேர்த்து வளைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் மெழுகு வைத்து மூடி மறுநாள் மருத்துவமனைக்குப் போங்கள். நகவெட்டியால் வெட்டுவதைக் கூடுமானவரை தவிருங்கள். வெட்டுப்பட்ட துண்டு தெறித்துத் தொண்டைக்குள் போய்விடும்.

சிலருக்குக் கம்பி கட்டும் முன்பே வலி தொடங்கிவிடும். கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்ட இடம் வேண்டுமென்று, ஐந்தாறு நாள் முன்னதாகப் பற்களுக்கு நடுவே செபரேட்டர் என்ற சின்ன ரப்பர் வளையங்களைச் செருகுவார்கள். பல்லிடுக்கில் கறி நார் சிக்கியதுபோல் இருக்கும், இரண்டு நாள் மெல்ல முடியாது. அந்த இடத்தில் நூலோ குச்சியோ விட்டு நோண்டக் கூடாது, ஒட்டும் மிட்டாய் கூடாது. ஒன்று விழுந்துவிட்டால் மருத்துவமனைக்கு போன் செய்து சொல்லுங்கள். விழுந்ததைக் கண்ணால் பார்க்காமல் காணாமல் மட்டும் போயிருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈறுக்குள் இறங்கிய ரப்பர் வேரை ஒட்டிக் கீழே நகர்ந்து எலும்பைக் கரைக்கும். எந்தெந்த இடத்தில் எத்தனை போட்டார்கள் என்று அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சந்து உள்ள முன்பற்களைச் சுற்றி வீட்டிலேயே ரப்பர் பேண்ட் மாட்டி இணையத்தில் காட்டுகிறார்களே, அதில் பல்லே விழுந்துபோவது இந்த வழியில்தான்.

சிகிச்சையின் நடுக்கட்டத்தில் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவே மாட்டச் சொல்லும் ரப்பர் பேண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போடச் சொன்னால், சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் இருக்க வேண்டும். வலிக்கிறது என்று பகலில் கழற்றிவிட்டு இரவில் மட்டும் போடும் பிள்ளைக்கு வலி ஓயவே ஓயாது. தொடர்ந்து போட்டால் மூன்று நான்கு நாளில் திசு பழகிவிடும். விட்டுவிட்டுப் போட்டால் ஒவ்வொரு இரவும் முதல் இரவாகவே இருக்கும். மறந்த நாளுக்கு ஈடாக இரண்டு பேண்ட் சேர்த்துப் போடுவது அதைவிட மோசம், விசை இரட்டிப்பாகி மேலே சொன்னபடி திசு நசுங்கிச் சாகும். சில மணி நேரத்திலேயே ரப்பரின் இழுவிசை குறைந்துவிடும் என்பதால் தினமும் புதிது மாற்ற வேண்டும்.

கம்பிக்குப் பதில் அலைனர் என்ற கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் தட்டு போடுபவர்கள் புதுத் தட்டை இரவு படுக்கும் முன் மாட்டினால் இறுக்கத்தின் பெரும்பகுதி தூக்கத்தில் கழியும். அண்ணத்தை விரிக்கும் கருவி உள்ள பிள்ளைகளுக்குச் சாவி திருப்பியதும் மூக்குத் தண்டில் அழுத்தம் தெரிந்து சில நிமிடத்தில் போய்விடும். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் பதற வேண்டாம், கருவி வேலை செய்வதன் அடையாளம் அது. திருப்பும்போது கடுமையாக வலித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

"வலியே இல்லாத கிளிப்" என்று நகரம் முழுக்க விளம்பரப் பலகைகள் இருப்பதால் இதையும் சொல்கிறேன். வயரைப் பிடித்துக்கொள்ள ரப்பர் வளையம் இல்லாமல் மூடி போட்டு மூடும் கிளிப் வகையில் வலி குறிப்பிடும்படி குறைவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. அலைனரில் முதல் சில நாள் வலி ஓரளவு குறைவு. ஆனால் எல்லா வகைப் பல் அமைப்புக்கும் அது பொருந்தாது. அதிரும் கருவியைக் கடித்துக்கொண்டிருந்தால் வலி குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பல் நகர வேண்டுமானால் ஓரளவு வலி இருக்கும். அதற்காகக் கூடுதலாக ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட, பி.டி.எஸ். படிப்புக்குப் பின் பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். முடித்தவரா என்று கேட்பது பயன் தரும்.

சில வலிகள் மட்டும் இந்தக் கணக்கில் சேராதவை. ஒரு வாரம் தாண்டியும் குறையாத வலி, ஒரே ஒரு பல்லில் மட்டும் விண்விண்ணென்று இரவில் எழுப்பும் வலி, சூடு பட்டபின் நெடுநேரம் நீடிக்கும் வலி, ஒரு பல் நிறம் மங்குவது, ஈறில் சீழ், முகத்தில் வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம், தொற்று இருக்கலாம். பற்கள் லேசாக ஆடுவது இயல்பு, ஒன்று மட்டும் மிக அதிகமாக ஆடினால் காட்ட வேண்டும். உரசல் புண்கள் புதிது புதிதாக வந்து போகலாம், ஆனால் ஒரே புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் அதையும் காட்ட வேண்டும். கம்பி கட்டிய பின் உதடு வீங்கி, வாயைச் சுற்றித் தடிப்பும் அரிப்பும் வந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் நகையோ கைக்கடிகாரமோ போட்ட இடத்தில் முன்பே தடிப்பு வந்திருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இந்த நகரின் பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கும், விக்டோரியா மருத்துவமனையை ஒட்டியுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி முதலான கல்லூரிகளுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக மூன்று வேண்டுகோள்கள். விளக்கத்தாளைத் தமிழிலும் அச்சிடுங்கள், ஒரு பக்கம் போதும். அதில் பாராசிட்டமால் அளவுக்கு ஓர் இடம் விட்டு, பிள்ளையின் எடையைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுங்கள். வயர் போட்ட மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு செய்யுங்கள். அந்த அழைப்பு ஒன்றாலேயே நோயாளி உணரும் வலியும் பதற்றமும் குறைவதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. உச்ச வலி மறுநாள் மாலை என்பதால், மதியத்துக்கு மேல் அழைத்தால் மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், அடுத்தது எப்போது என்பதையும் அந்த இரண்டு நிமிடத்திலேயே வீட்டில் இருப்பவருக்குத் தமிழில் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
பல் சீரமைப்பு மருத்துவர் ஒருவர்,
ஹலசூர், பெங்களூரு.